குடும்பக் குழுவில் நான் போட்ட வாக்கு

என் அண்ணை எதைச் செய்தாலும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டுதான் செய்வார். தலையிடிக்கு ஒரு குளிசை போடுவதென்றாலும் நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்டு, நாலையும் தள்ளிவிட்டு, தான் முதலில் நினைத்ததையே செய்வார். அப்படிப்பட்டவர் இருக்கிற புளோரிடா மாநிலத்தில், கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா வேண்டாமா என்று சனங்களிடமே நேராகக் கேட்டு வாக்கெடுப்பு வைத்தால் மனிதர் சும்மா இருப்பாரா?

அமெரிக்காவில் சில மாநிலங்களில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. போதிய பேர் கையெழுத்து வைத்தால் ஒரு கேள்வியை வாக்குச் சீட்டிலேயே ஏற்றிவிடலாம். ஜனாதிபதிக்கு வாக்குப் போடப் போகிறவர் அதே சீட்டில் கஞ்சாவுக்கும் ஓம் என்றோ இல்லை என்றோ போட்டுவிட்டு வரலாம். அண்ணை ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து எனக்குப் போன் எடுப்பார். அப்படி எடுத்தபோதுதான் இதையெல்லாம் எனக்கு விளங்கப்படுத்தினார். நோயாளிகளுக்கு அங்கே ஏற்கனவே அனுமதி இருக்கிறது, அதுவும் முன்பு இப்படி ஒரு வாக்கெடுப்பில் வந்ததுதான். இப்போது கேட்பது வயது வந்த எல்லோருக்கும் விடலாமா என்று. அவர் போகிற கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் வேண்டாம் என்று போடச் சொல்லியிருந்தார்கள். அண்ணை அந்தப் பொறுப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். பூசை முடிந்து வருகிறவர்களுக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். வீட்டு வாசலில் புல்லுக்கு நடுவே ஒரு பலகை நட்டார். பலகைக்குப் பக்கத்தில் தானும் ஒரு பலகை மாதிரி நின்று படம் எடுத்து, எங்கள் குடும்பக் குழுவில் போட்டார்.

எங்கள் குடும்பக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரொறன்ரோ, பரிஸ், யாழ்ப்பாணம், லண்டன் என்று சிதறிக் கிடக்கிற சகோதரங்கள், மச்சான்மார், மச்சாள்மார், அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் போனில் கூடுகிற இடம் அது. அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மூத்தவர்கள் எதைப் போட்டாலும் அதன் கீழே கும்பிட்ட கைப் படம் ஒன்று போட வேண்டும். வாசித்தோமா, விளங்கியதா என்பதெல்லாம் பிறகு. ஒருமுறை அண்ணை தன் கார் ரயர் வெடித்த படத்தைப் போட்டதற்கும் இருபது கும்பிட்ட கைகள் வந்தன. கஞ்சாப் பலகைக்கும் வந்தன. நானும் ஒன்று போட்டேன். அதைப் போட்ட நேரத்தில் என் நாக்குக்கு அடியில் கஞ்சா எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்புகளின் மேலுறை மெல்ல மெல்லக் கெட்டுப்போகிற வருத்தம். கை சாடையாக நடுங்கும், அதைக் குடும்பம் முழுக்க அறியும். அவர்கள் அறியாதது கால்கள். பொழுது படுகிறபோது இரண்டு காலும் முறுக்கிய ஈரத் துணி போல இறுகிக்கொள்ளும். ஒரு காலத்தில் நித்திரை என்ற ஒன்று இருந்தது என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். குளிசைகள் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்று வயிற்றைக் கெடுத்தது, இன்னொன்று பகல் முழுக்க என்னை வாய் பிளந்து இருக்க வைத்தது.

நான் இருக்கிற இங்கிலாந்தில் கஞ்சாவை மருந்தாக எழுதிக் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. விசேட வைத்தியர் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அரச ஆஸ்பத்திரியில் நான் கேட்டபோது டாக்டர் மிகவும் அன்பாகத் தலையை ஆட்டினார். மறுப்பதற்கு ஆட்டும் தலையிலும் இவ்வளவு அன்பு இருக்கலாம் என்று அன்றுதான் கண்டேன். கடைசியில் தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போனோம். ஒரு சின்னப் போத்தல் எண்ணெய், என் பெயர் அச்சிட்ட லேபிளோடு வீட்டுக்கு வந்தது. முதல் நாள் அதை எடுத்துவிட்டுப் படுத்தவள், கண்ணைத் திறந்தபோது யன்னலில் வெயில். செத்துத்தான் போனேன் போலிருக்கிறது என்று நினைத்து அப்படியே கிடந்தேன். பிறகு கீழே பஸ் பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது. மோட்சத்தில் பஸ் இருக்காது என்று எழும்பினேன்.

இது என் கணவருக்கு மட்டும் தெரியும். அவர் பஸ் ஓட்டுகிறார். அங்கேதான் எல்லாம் மாட்டிக்கொண்டது.

பஸ் ஓட்டுகிறவர்களுக்கு எந்த நேரத்திலும் போதைப் பரிசோதனை வைப்பார்கள். வேலைக்கு வந்ததும் வாய்க்குள் ஒரு குச்சியை வைத்து எச்சில் எடுப்பார்கள். இவர் வாழ்க்கையில் பியரைக் கூட மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்கிற மனிதர். இருந்தாலும் பயம் அறிவிடம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. எண்ணெய்ப் போத்தலைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுவார். என் கரண்டி தனி. என் கோப்பை தனி. முன்பெல்லாம் நாங்கள் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை மாறி மாறிக் குடிக்கிறவர்கள். கலியாணம் கட்டிய புதிதில் கோப்பை ஒன்றுதான் இருந்தது, பிறகு கோப்பைகள் வந்தும் பழக்கம் போகவில்லை. எண்ணெய் வந்த கிழமையோடு அது நின்றது. முத்தமும் நின்றது. இந்த வயதில் முத்தமா என்று சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். நிற்கிறபோதுதான் அது இருந்தது என்று தெரிகிறது.

அவர் வேலை செய்கிற கராஜில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். அவர்களில் பலர் எங்கள் பங்குக் கோயிலுக்கும் வருகிறவர்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. அந்த வீட்டில் கஞ்சா புழங்குகிறதாம் என்ற ஒரு சொல் போதும், மருந்து என்ற வார்த்தை வழியிலேயே உதிர்ந்துவிடும். மேலிடம் வரை கதை போனால் பஸ் போய்விடும் என்பது அவருடைய கணக்கு. கிளினிக்குக்குக் கட்டுவது அவருடைய சம்பளம். பஸ் போனால் எண்ணெய் போகும், எண்ணெய் போனால் என் நித்திரை போகும். நித்திரைக்காக வாயைத் திறக்கவும் ஏலாது, திறந்தால் நித்திரையும் இல்லை.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் பிளாட் மூன்றாம் மாடியில். லிப்ட் பாதி நாள் வேலை செய்யாது, ஆகவே நானும் பாதி நாள் கீழே இறங்குவதில்லை. படிக்கட்டில் யாரோ தினமும் இருந்து கஞ்சா குடிப்பார்கள், அந்த நாற்றம் கதவின் கீழால் உள்ளே வரும். எனக்கு அந்த நாற்றம் பிடிக்காது. கவுன்சிலுக்கு இரண்டு முறை போன் எடுத்து முறைப்பாடு கூடச் செய்திருக்கிறேன். சட்டத்துக்குப் பயப்பட வேண்டியவர்கள் படிக்கட்டில் காலை நீட்டி இருக்கிறார்கள், டாக்டர் எழுதிக் கொடுத்த நான் கதவைப் பூட்டிக்கொண்டு எடுக்கிறேன். இதை நினைக்கிற நாட்களில் எனக்குக் கோபம் கோபமாக வரும். யாரில் கோபம் என்றுதான் தெரியாது.

வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்னால் அண்ணைக்கு ஒரு யோசனை வந்தது. உலகம் முழுக்கப் பரந்திருக்கிற ஒரு தமிழ்க் குடும்பமே கஞ்சாவுக்கு எதிர் என்று தன் பங்குக் கூட்டத்தில் காட்ட வேண்டும். ஆகவே குடும்பக் குழுவிலேயே ஒரு வாக்கெடுப்பு வைத்தார். கேள்விக்குக் கீழே ஓம் என்று ஒன்று, இல்லை என்று ஒன்று, விரும்பியதை விரலால் தொட வேண்டும். இல்லை என்ற பக்கம் மளமளவென்று நிறைந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற சின்னம்மா, கேள்வி என்னவென்று தெரியாமலேயே, மகன் தொட்ட பக்கத்தைத் தானும் தொட்டிருப்பார். பரிசில் இருக்கிற மச்சாள் வாக்கோடு ஒரு வசனமும் எழுதினாள். “கஞ்சா நுழைஞ்ச வீடு விளங்காது.”

மத்தியானம் நான் சோபாவில் கால்களைத் தலையணைக்கு மேலே போட்டபடி அதை வாசித்தேன். எங்கள் வீடு எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியும். கஞ்சா நுழைந்த பிறகுதான் இந்த வீட்டில் ஒரு மனுசி நித்திரை கொள்கிறாள். எல்லோருக்கும் கஞ்சா கிடைக்க வேண்டுமா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் முடிவில்லை. படிக்கட்டு நாற்றம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எதிரில் இருந்தது புளோரிடா இல்லை, மச்சாளின் வசனம். ஓம் என்பதைத் தொட்டேன்.

வாக்கு இரகசியம் என்றுதான் நினைத்தேன். நான் வாக்குப் போட்டதெல்லாம் இங்கே பிரைமரி ஸ்கூல் மண்டபத்தில். பலகை மறைப்புக்குள் நின்று, நூலில் கட்டிய பென்சிலால் புள்ளடி போட்டு, மடித்துப் பெட்டிக்குள் விட்டால் கதை முடிந்தது. கட்டின கணவனுக்கும் சொல்லத் தேவையில்லை. போனில் போடுகிற வாக்கு அப்படியில்லையாம். யார் எதைத் தொட்டார்கள் என்று பெயரோடும் படத்தோடும் காட்டுமாம். ஓம் என்ற பக்கத்தில் ஒரே ஒரு முகம். போன வருசப் பாஸ்காத் திருநாளுக்குச் சேலை கட்டிக்கொண்டு எடுத்த என் முகம்.

முதலில் ரொறன்ரோவில் இருக்கிற பெறாமகள் எழுதினாள். “சித்தி கை மாறித் தொட்டிட்டா போல.” பிறகு மச்சாள். “பாவம், அவவுக்குக் கை நடுங்கிறது தானே.” அதற்குப் பிறகு வரிசையாக எனக்காக இரக்கப்பட்டார்கள். என் வருத்தத்தை எனக்கே போர்வையாகப் போர்த்திவிட்டார்கள். நான் அந்தப் போர்வைக்குள்ளே மூச்சுத் திணறினேன்.

இரவு அண்ணை போன் எடுத்தார்.

“பிள்ளை, கை பிசகிப்போச்சு என்ன? ஒண்டுமில்லை, மற்றப் பக்கத்தைத் திருப்பித் தொட்டா மாறும்.”

“பிறகு பாக்கிறன் அண்ணை.”

“பிறகு எண்டாதை. நான் நாளைக்குக் கூட்டத்தில காட்டவேணும். ஒரு வாக்கும் பிசகாமல் இருந்தாத்தான் வடிவு.”

“ஓம் அண்ணை, பாக்கிறன்.”

மாற்றவில்லை. மாற்றக் கூடாது என்று வீரமாக ஒரு முடிவும் எடுக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எண்ணெயை எடுத்துக்கொண்டு படுத்துவிட்டேன். அன்றைக்கு நல்ல நித்திரை.

காலையில் போனைத் திருப்பினால் என் முகம் மற்றப் பக்கத்தில் இருந்தது. கீழே கும்பிட்ட கைகள். “நான் சொன்னனான் தானே” என்று மச்சாள். “ஒரு குடும்பம், ஒரு குரல்” என்று அண்ணை. ஓம் என்ற பக்கம் வெறுமையாய் இருந்தது.

முதலில் என்னையே சந்தேகித்தேன். எண்ணெயின் மயக்கத்தில் நானே தொட்டேனோ? பிறகு போன் இருந்த இடத்தைப் பார்த்தேன். கவிழ்த்து வைத்த போன் மேசையின் மற்றப் பக்கத்தில், கணவருடைய மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து கிடந்தது. அவர் விடிய ஷிப்டுக்குப் போயிருந்தார். பின்னேரம் அவர் வருமட்டும் அந்தப் பிளாட்டில் நான் நடந்தேன். எனக்கு நடக்க ஏலும் என்றால் அது கோபத்தால்தான். கதவில் இருந்து யன்னல், யன்னலில் இருந்து கதவு. அதற்கு மேல் போக இடமில்லை.

அவர் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்னமே கேட்டேன்.

“இஞ்சருங்கோ, என்ர வாக்கை ஆர் மாத்தினது?”

“நான்தான்.”

ஒளிக்கவில்லை. அதனால் என் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

“நான் நித்திரை கொண்ட நேரம் பாத்து மாத்தியிருக்கிறியள்.”

“நீர் முழிச்சிருந்தா விட்டிருப்பீரே?” அவர் ஒற்றைச் சப்பாத்தோடு கதிரையில் இருந்தார். “நேற்றுக் கன்ரீனில ஒருத்தன் கேக்கிறான், உங்கட மனுசி கஞ்சாவுக்கு வாக்குப் போட்டவவாம் எண்டு. அவன்ர மனுசி உம்மட மச்சாளின்ர சிநேகிதியாம். சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவன். நானும் சிரிச்சனான். எனக்குச் சோறு இறங்கேல்லை.”

“அதுக்கு?”

“அதுக்கு என்னத்தைச் செய்யச் சொல்லுறீர்? பஸ்ஸைத் தராட்டி உம்மட எண்ணெயை எதால வாங்கிறது? நீர் நித்திரை கொள்ள வேணும் எண்டுதான் மாத்தினனான்.”

நான் நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்காக, நான் நித்திரையாக இருக்கிறபோது. அந்த மனிதருடைய பயம் பொய்யில்லை. என்மேல் உள்ள அன்பும் பொய்யில்லை. இரண்டும் சேர்ந்துதான் என் விரலைப் பிடுங்கிக்கொண்டன. நான் அழுதேன். அவர் பக்கத்தில் வந்து தலையைத் தடவினார், பிறகு எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். குழாய்ச் சத்தம் கேட்டபோது எனக்கு இன்னும் அழுகை வந்தது.

புளோரிடாவில் வாக்கெடுப்பு முடிந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓம் என்றுதான் போட்டார்களாம். ஆனால் அந்த மாநிலத்தில் அப்படி ஒரு மாற்றம் வர நூற்றுக்கு அறுபது பேராவது சொல்ல வேண்டும் என்பது விதி. ஆகவே தோற்றது. இத்தனை சனம் ஓம் என்று சொல்லியும் இல்லை என்று முடிகிறது என்பதை அறிந்தபோது, முகம் தெரியாத அந்தச் சனத்தின்மேல் எனக்கு ஒரு சொந்தம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை போன் எடுத்தார். சந்தோசத்தில் குரல் ஒரு கட்டை உயர்ந்திருந்தது. என் கை நடுங்குவதால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். கணவர் எதிரில் இருந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“வெண்டிட்டம் பிள்ளை! சரி, உன்ர கால் எப்பிடி? குரல் தெளிவாக் கிடக்கு.”

“இப்ப நித்திரை வருது அண்ணை.”

“அப்பிடிச் சொல்லு! ஒவ்வொரு மாதமும் உனக்கெண்டு பூசை ஒப்புக்குடுக்கிறனான். செபம் வீண்போகாது.” சற்று நிறுத்திவிட்டுக் கேட்டார். “மருந்தும் ஏதும் மாத்தினவையோ? இங்க எங்கட பங்கில ஒரு அம்மா. உன்ர வருத்தம்தான். பூசை பாதியில கால் இழுத்துக் கத்துவா, ரெண்டு பேர் பிடிச்சுத்தான் வெளியில கொண்டு போறது. நித்திரையே இல்லையாம். பாக்க ஏலாது பிள்ளை. மருந்தின்ர பேரைச் சொல்லு, அவவுக்குச் சொல்லுறன்.”

வெங்காயம் வெட்டுகிற சத்தம் நின்றது. கணவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம். கண்ணில் நீர், அது வெங்காயத்தாலா என்று தெரியவில்லை.

செபம்தான் அண்ணை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது இனித்திருக்கும், எங்களுக்கும் பாதுகாப்பு. ஆனால் அந்த மனுசியின் கால்கள் எனக்குத் தெரியும். அவளுடைய முகம் தெரியாது, பெயர் தெரியாது, கால்கள் மட்டும் நன்றாகத் தெரியும்.

“அண்ணை, அது கஞ்சா எண்ணெய்.”

“விளையாடாதை.”

“டாக்டர் எழுதித் தாறது. உங்கட மாநிலத்தில அந்த அம்மாவுக்கு என்னைவிடச் சுகமாக் கிடைக்கும்.”

அங்கே பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ அதை நிற்பாட்டினார்கள்.

“அப்ப அண்டைக்கு நீ தொட்டது?”

“கை நடுங்கேல்லை அண்ணை.”

“பிறகு மாத்தினது?”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பிறகு பயந்திட்டன்” என்றேன். அதுவும் பொய்யில்லை, வீட்டில் ஒருவர் பயந்தால் போதும். அண்ணை போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. குழுவில் மணி அடிக்கிற ஒவ்வொரு முறையும் கணவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் போனைப் பார்ப்பேன். யாருடையதோ பிறந்தநாளாக இருக்கும். வேலைக்குப் போய் வருகிறவரிடம் நான் எதுவும் கேட்பதில்லை, வந்து சப்பாத்தைக் கழற்றுகிற விதத்திலேயே பஸ் இன்னும் இருக்கிறது என்று அறிந்துகொள்வேன். ஒவ்வொரு முறை எண்ணெயை எடுக்கும்போதும் இது கடைசிப் போத்தலாக இருக்குமோ என்று நினைத்தேன். குளிர் காலம் தொடங்கி, லிப்டும் நின்று, நான் வெளியே போகாமல் பல நாட்கள் போயின.

ஒரு சனிக்கிழமை அண்ணை எடுத்தார். சனிக்கிழமை எடுக்கிற வழக்கம் அவருக்கில்லை. குரல் அடக்கமாக இருந்தது. வீட்டுக்குள் இல்லை, காருக்குள் இருந்து கதைக்கிறேன் என்றார்.

“அந்த அம்மாட்டச் சொன்னனான்.”

“சொன்னியளோ?”

“டாக்டரிட்டப் போய் எடுத்தவ. போன ஞாயிறு முழுப் பூசையும் இருந்தவ பிள்ளை. எழும்பி நிண்டு பாட்டும் படிச்சவ.” அவருடைய குரல் உடைந்தது. எனக்கும் உடைந்தது. எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

“ஆர் சொன்னதெண்டு கேட்டவ. எங்கையோ பேப்பரில வாசிச்சனான் எண்டு சொல்லிப் போட்டன். உன்ர பேர் வேண்டாம். நீயும் குழுவில ஒண்டும் போடாதை, என்ன?”

“ஓம் அண்ணை. அவ என்ன சொல்லுறா?”

“அவவும் ஆருக்கும் சொல்லேல்லை. கேக்கிற ஆக்களுக்குச் செபத்தால சுகம் வந்ததெண்டுதான் சொல்லுறா. எல்லாரும் நம்பிட்டினம்.”

ஆனால் கடல் தாண்டி அங்கே இன்னொரு கதவும் உள்ளிருந்து பூட்டிக்கொண்டது. கதவுக்கு வெளியே காவலுக்கு என் அண்ணை.

“அண்ணை, ஒண்டு கேக்கட்டே?”

“கேள்.”

“உங்கட பங்கில இன்னும் எத்தினை பேர் இப்பிடிச் செபத்தால நித்திரை கொள்ளுகினம்?”

போனை அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.